ஜப்பானில் தனியாக ஒரு நாள்: கியோட்டோவா, நாராவா, காமகுராவா?

ஜப்பானுக்குப் போன இடத்தில் ஒரு முழு நாள் கைக்குக் கிடைக்கிறது. கூட வர யாரும் இல்லை. கோயில்களையும் பழைய தெருக்களையும் நடந்தே பார்க்க வேண்டும். எந்த ஊருக்குப் போவது? இப்படிக் கேட்கும் நண்பர்களிடம் நான் முதலில் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்றே நினைக்கிறேன். நம் ஊரில் உச்சிக்கால பூஜை முடிந்ததும் நடை சாத்தி, மாலை நான்குக்கு மேல் திறப்பார்கள். விளக்கு வைத்த பிறகுதான் கோயில் களைகட்டும். அந்தப் பழக்கத்தோடு ஜப்பானுக்குப் போனால் ஏமாற்றம்தான். அங்கே புத்தர் கோயில்கள் மதியம் முழுக்கத் திறந்திருக்கும்; பெரும்பாலானவை மாலை நாலரைக்கோ ஐந்துக்கோ கதவைச் சாத்திவிடும். டிக்கெட் கொடுப்பது அதற்கும் அரை மணி முன்னதாகவே நின்றுவிடும். பழைய தெருக்களின் கடைகளும் ஐந்து, ஆறு மணிக்குள் அடைத்துவிடுகின்றன. அதே தெரு காலை ஆறரைக்கு ஒன்றாகவும் பதினொன்றுக்கு வேறொன்றாகவும் இருக்கிறது. குடும்பத்தோடு போகிறவரால் இதை மாற்ற முடியாது. குழந்தையை எழுப்ப வேண்டும், குளிக்க வைக்க வேண்டும், பெரியவர்களுக்குக் காபி வேண்டும். தனியாகப் போகிறவருக்குக் காத்திருக்க யாருமில்லை. அவர் கையில் இருக்கும் பெரிய சொத்து விடியற்காலையும் அந்திப்பொழுதும்தான். அவற்றை எந்த ஊர் நன்றாகத் திருப்பித் தருகிறது என்பதை வைத்தே இந்த மூன்று ஊர்களையும் எடைபோடுகிறேன்.

ஒன்றைத் தெரிந்துகொண்டால் திட்டமிடுவது எளிது. பெயர் ‘தேரா’ அல்லது ‘ஜி’ என்று முடிந்தால் புத்தர் கோயில். ‘ஜின்ஜா’, ‘தாய்ஷா’ என்று முடிந்தால் ஜப்பானின் பூர்விக மதமான ஷிண்டோவின் கோயில். முன்னால் தோரீ என்னும் மரவாசல் நிற்கும். ஷிண்டோ கோயில்களில் பலவற்றின் வளாகத்துக்குக் கட்டணம் கிடையாது, இருட்டிய பின்னும் உள்ளே நடக்கலாம். ஆகவே புத்தர் கோயில்களைப் பகலிலும் ஷிண்டோ கோயில்களை நாளின் இரு முனைகளிலும் வைத்துக்கொள்வது நல்லது.

கியோட்டோவின் கிழக்கு ஓரம்

கியோட்டோ முழுவதையும் ஒரு நாளில் பார்க்க நினைப்பது வீண். தனியாக நடப்பவருக்கு ஏற்றது ஹிகாஷியாமா என்னும் கிழக்குக் குன்றடிவாரம். அங்கே கோயிலும் தெருவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இறங்குகின்றன. மேலே கியோமிசுதேரா. 778இல் தோன்றிய கோயில்; இப்போது நிற்கும் பிரதான மண்டபம் 1633ஆம் ஆண்டுக் கட்டுமானம். மலைச்சரிவிலிருந்து 13 மீட்டர் உயரத்துக்குப் பெரிய மரத்தூண்களை நிறுத்தி, குறுக்குச் சட்டங்களை ஆணியில்லாமல் கோத்து, அதன்மேல் ஒரு மேடையை அமைத்திருக்கிறார்கள். மேலே நின்று நகரத்தைப் பார்ப்பதோடு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். கீழே இறங்கிப் போய் அந்தத் தூண்களின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். தச்சர்களின் வேலை அங்கேதான் தெரியும்.

கியோமிசுதேரா காலை 6 மணிக்கே திறக்கிறது. டிக்கெட் 500 யென். கியோட்டோவைத் தேர்ந்தெடுக்க இந்த ஆறு மணிதான் என் முதல் காரணம். ஆறுக்கு உள்ளே நுழைந்து ஏழுக்கு வெளியே வந்தால் சன்னென்ஸாகா, நினென்ஸாகா என்னும் கற்படித் தெருக்கள் உங்களுக்கே சொந்தம். மரப்பலகை மூடிய கடைகள், ஓட்டுக் கூரைகள், ஒரு கடைக்காரர் வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம், வளைவில் திடீரென்று எழும் 46 மீட்டர் உயர யாசகா கோபுரம். சன்னென்ஸாகாவில் தடுக்கி விழுந்தவர் மூன்று ஆண்டுக்குள் இறந்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மழையில் அந்தப் படிகள் வழுக்கத்தான் செய்யும். நம்பாதவரும் பார்த்தே கால் வைக்க வேண்டும்.

அங்கிருந்து கோதாய்ஜி, மாருயாமா பூங்கா, யாசகா கோயில், சியோன்இன் என்று வடக்கே நடக்கலாம். சியோன்இன்னின் முன்வாயில் 1621இல் கட்டியது, 24 மீட்டர் உயரம். அதன் படிகளில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்திருந்தபோது வேறு யாருமே இல்லை. ஒன்பதரைக்கு மேல் நிலைமை அடியோடு மாறும். குழுக்குழுவாக ஆட்கள் வருவார்கள், சன்னென்ஸாகாவில் தோளோடு தோள் இடித்துத்தான் ஏற வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், கியோன் பகுதியில் இருக்கும் கென்னின்ஜிக்குள் போய்விடுங்கள். எய்சாய் என்னும் துறவி 1202இல் நிறுவிய ஜென் கோயில் அது. சீனாவிலிருந்து ஜென் நெறியோடு தேயிலை விதைகளையும் கொண்டுவந்தவர் என்று அவரை நினைவுகூர்கிறார்கள். அதன் மணல் தோட்டத்தின் முன்னால், பாய் விரித்த திண்ணையில், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். யாரும் எழுப்புவதில்லை.

கியோன் சந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே பல சந்துகள் தனியாருக்குச் சொந்தமானவை. ஆடல்பாடல் கலைஞர்களான கெய்ஷாக்களைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்தவர்களால் வந்த வினை, 2024இலிருந்து அந்தச் சந்துகளில் நுழையத் தடை. மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பெரிய தெருவான ஹானாமிகோஜியில் நடப்பதற்குத் தடையில்லை. அங்கே வேலைக்குப் போகும் பெண்களை நிறுத்தி முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது தவறு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கியோட்டோவின் பெரும் குறை பஸ். நகரப் பஸ்ஸுக்கு 230 யென் ஒரே கட்டணம். ஆனால் நிரம்பி வழிந்து நிற்காமலே போவதும் உண்டு. கெய்ஹான் ரயிலில் கியோமிசு-கோஜோ நிலையத்தில் இறங்கி இருபது, இருபத்தைந்து நிமிடம் நடந்து ஏறுவது நிச்சயமான வழி. ஆறு மணிக்குக் கோயில் வாசலில் இருக்க வேண்டுமென்றால் முந்தைய இரவே அந்தப் பக்கத்தில் அறை எடுத்திருக்க வேண்டும். ஒசாகாவிலோ டோக்கியோவிலோ தூங்கி எழுந்து வருகிறவருக்கு அந்தக் காலை கிடைக்காது. கியோட்டோ நன்றாக இருப்பதும் நெருக்கடியாக இருப்பதும் இந்த ஒன்றில்தான் தீர்மானமாகிறது.

மாலைக்கு ஃபுஷிமி இனாரி இருக்கிறது. கியோட்டோ நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டாவது நிறுத்தம், ஐந்து நிமிடம். இருபத்துநான்கு மணி நேரமும் திறந்தே இருக்கும், கட்டணம் இல்லை. ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரீக்கள் 233 மீட்டர் உயரமுள்ள மலையைச் சுற்றி ஏறுகின்றன. ஏறும்போது அவற்றின் முன்பக்கம் வெறுமையாக இருக்கும். இறங்கும்போது பின்பக்கத்தில் கொடுத்தவர் பெயரும் தேதியும் தெரியும். தனியாக இருப்பவர் இருட்டில் உச்சிவரை போக வேண்டியதில்லை. பாதி வழியில் இருக்கும் யோட்சுட்சுஜி மேட்டிலிருந்து நகர விளக்குகளைப் பார்த்துவிட்டு இறங்கினால் போதும்.

காமகுரா, டோக்கியோவில் தங்கியிருப்பவருக்கு

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு அதிவேக நொசோமி ரயிலில் ஒரு வழிக்கு 14,000 யென்னை ஒட்டி ஆகும். இரண்டேகால் மணி நேரம். போய் வர ஒரே நாளில் நாலரை மணி நேரம் ரயிலிலேயே போய்விடும், விடியலும் அந்தியும் இரண்டுமே கைவிட்டுப் போகும். டோக்கியோவில் தங்கியிருந்தால் காமகுராவுக்குப் போங்கள். ஒரு மணி நேரம், கட்டணம் 1,000 யென்னை ஒட்டி.

மூன்று பக்கம் குன்று, ஒரு பக்கம் கடல். இந்த அமைப்புக்காகவே 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷோகுன் என்னும் படைத்தலைவரின் ஆட்சி இங்கே தலைமையிடம் அமைத்தது. 1333 வரை நீடித்தது. ஒரு நிறுத்தம் முன்னதாகக் கிட்டா-காமகுராவில் இறங்குவதுதான் சரி. நிலையத்தை ஒட்டியே எங்காகுஜி இருக்கிறது. ரயில் பாதை அதன் முன்வளாகத்தையே வெட்டிக்கொண்டு போகிறது. மங்கோலியர் 1274இலும் 1281இலும் படையெடுத்தபோது இறந்தவர்களுக்காக 1282இல் அன்றைய ஆட்சியாளன் ஹோஜோ தொகிமுனே நிறுவிய கோயில் இது. இறந்த தன் வீரர்களுக்காக மட்டும் அவன் அதைக் கட்டவில்லை, எதிரிப்படையில் இறந்தவர்களுக்காகவும் சேர்த்தே கட்டினான். தேவதாரு மரங்களுக்கு நடுவே அந்தப் படிகளில் ஏறும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். பத்து, பதினைந்து நிமிட நடையில் 1253இல் உருவான கென்சோஜி. காய்கறிகளை எண்ணெயில் வதக்கிச் செய்யும் கென்சின்ஜிரு சூப்புக்கு இந்த மடம்தான் பிறப்பிடம் என்கிறார்கள்.

பெரிய புத்தர் கோதோகுயின்னில் இருக்கிறார். வெண்கலம், பீடம் நீங்கலாக 11.3 மீட்டர். 1252இல் வார்க்கத் தொடங்கியது. மேலே இருந்த மண்டபத்தை 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல் கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து வெயிலிலும் மழையிலும்தான் இருக்கிறார். டிக்கெட் 300 யென். தோளில் பச்சை படர்ந்த அந்த உருவத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போகிறவர்கள் குறைவு. முதுகில் இரண்டு சாளரங்கள் திறந்திருக்கும். சிலையின் உள்ளேயும் போய் வரலாம்.

அந்த வளாகத்தில் ஜெயவர்தனாவின் நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. 1951 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சராக இருந்த அவர், ‘பகையால் பகை தணியாது’ என்ற தம்மபத வாக்கைச் சொல்லி ஜப்பானிடம் போர் இழப்பீடு வேண்டாம் என்றார். ஜப்பானியர் அந்த நன்றியை மறக்கவில்லை. அதே மனிதர் குடியரசுத் தலைவராக இருந்தபோதுதான் 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தமிழ் வாசகர் ஒருவர் அந்தக் கல்லின் முன் நிற்கும்போது இரண்டும் ஒன்றாகவே நினைவுக்கு வரும். நான் வெகுநேரம் நின்றிருந்தேன். சிலையைப் பார்த்து முடித்துப் பலரும் அதைக் கவனிக்காமல் கடந்து போனார்கள்.

பக்கத்திலேயே ஹாசேதேரா. 9.18 மீட்டர் உயரமுள்ள கன்னோன் என்னும் கருணைத் தெய்வத்தின் பதினோரு முக மரச்சிற்பமும், கடலைப் பார்க்கும் மேடையும் உண்டு. குன்றின் பின்புறம் செனியராய் பென்தென் என்னும் குகைக்கோயில். பணத்தைச் சுனைநீரில் கழுவினால் பெருகும் என்று கூடைகளில் நாணயங்களைப் போட்டு அலசுகிறார்கள். பென்தென் வேறு யாருமல்ல, நம் சரஸ்வதி. புத்த மதத்தோடு சீனா வழியாக வந்து, ஜப்பானில் செல்வத்துக்கும் அதிபதியாகிவிட்டாள். வீட்டில் வீணையோடு பார்த்த தெய்வத்துக்கு இங்கே காசு கழுவும் வேலை என்பது முதலில் விநோதமாகத்தான் தோன்றும்.

கோயில்களில் குறையில்லை, தெருக்களில்தான் காமகுரா பின்தங்குகிறது. நிலையத்தருகே இருக்கும் கொமாச்சி தெரு கடைவீதிதான், பழைய தெரு என்று சொல்ல மாட்டேன். பழைமை வேண்டுமானால் குன்றுகளைக் குடைந்து வெட்டிய கிரிதோஷி கணவாய்ப் பாதைகளுக்குப் போக வேண்டும். பாசி பிடித்த பாறைச் சுவர்களுக்கு நடுவே மண்பாதை. காலை எட்டரைக்குத்தான் ஜென் மடங்கள் திறக்கின்றன, நாலரைக்குள் மூடிவிடுகின்றன. விடியலும் அந்தியும் கோயிலுக்குக் கிடைக்காது. அந்தியைக் கடற்கரையில் கழிக்கலாம். ஜூன் மாதத்தில் நீலப் பூக்களைப் பார்க்க வரும் கூட்டத்தால் 1902இலிருந்து ஓடும் எனோதென் குட்டி ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. அந்த மாதத்தில் வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

அரை நாள்தான் இருக்கிறது, டோக்கியோவை விட்டு நகர முடியாது என்றால் யானகா போதும். நிப்போரி நிலையத்தில் இறங்கினால் சிறு சிறு கோயில்கள், மயானம், பூனைகள், மரவீடுகள். 1923 நிலநடுக்கத்திலும் போரின் குண்டுவீச்சிலும் பெரிதாகச் சேதமாகாமல் தப்பிய பகுதி. அசாகுசாவைவிட அங்கே நடப்பதையே விரும்புகிறேன். அசாகுசாவின் சென்சோஜி மூத்த கோயில்தான், ஆனால் 1945இல் எரிந்து, இப்போதிருக்கும் மண்டபம் 1958இல் எழுந்தது.

நாரா

என் வாக்கு நாராவுக்கு. கியோட்டோவிலிருந்து கிந்தெட்சு ரயிலில் முக்கால் மணி நேரம், 760 யென். ஜே.ஆர். என்னும் இன்னொரு நிறுவனத்தின் ரயிலும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஆனால் கிந்தெட்சு நிலையம் கோயில்களுக்கு நெருக்கம், இறங்கி இருபது நிமிடத்தில் தோதாய்ஜியின் தெற்கு வாயிலில் நிற்கலாம். 710 முதல் 784 வரை தலைநகராக இருந்த ஊர். தலைநகரம் போன பிறகு கோயில்கள் தங்கிவிட்டன.

தெற்கு வாயிலின் இரு காவல் தெய்வங்கள் 8.4 மீட்டர் உயர மரச்சிற்பங்கள். உன்கெய், கைகெய் இருவரும் தங்கள் பட்டறையோடு 1203இல் 69 நாட்களில் செதுக்கி முடித்தார்கள். உள்ளே, ஏறக்குறைய 15 மீட்டர் உயர வெண்கல புத்தர். 752இல் இவருக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. 736இல் ஜப்பானுக்கு வந்தவர். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட நூல்களைக் கட்டி, அந்த நூலை வந்திருந்தோரெல்லாம் பிடித்துக்கொண்டார்கள், எல்லோரும் சேர்ந்து கண் திறந்ததாகட்டும் என்று. தூரிகையும் நூலும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. நாம் ஊரில் கேட்ட ‘கண் திறத்தல்’ சடங்கு, இந்தியர் ஒருவர் கையால் இங்கே நடந்திருக்கிறது. கோயில் 1180இலும் 1567இலும் போர்த்தீயில் எரிந்தது. சிலையின் தலை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தாமரைப் பீடத்தின் இதழ்கள் சில 8ஆம் நூற்றாண்டுக்குரியவை. இப்போதைய மண்டபம் 1709இல் கட்டியது, 57 மீட்டர் அகலம். பழையது இதைவிடப் பெரிது, ஏறக்குறைய 86 மீட்டர். டிக்கெட் 800 யென். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை ஏழரைக்கும், மற்ற மாதங்களில் எட்டுக்கும் திறக்கிறார்கள். கியோட்டோவின் ஆறு மணியை நாரா தராது. ஆனாலும் ஒன்பதுக்குமுன் போய்விட்டால் பள்ளிக் குழந்தைகளின் வரிசைக்கு முன்னால் முடித்துவிடலாம்.

மான்கள் ஆயிரத்துக்கு மேல். கசுகா தாய்ஷாவின் தெய்வம் வெள்ளை மான்மீது ஏறி வந்தது என்பது ஐதீகம். அதனால் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை. பிஸ்கட் கொடுப்பவர் காகித வரைபடத்தைப் பைக்குள் வைத்துவிடுங்கள், அதையும் தின்றுவிடும். 768இல் தோன்றியதாகச் சொல்லும் கசுகா தாய்ஷாவுக்குப் போகும் வழியெங்கும் கல்விளக்குகள். தொங்கும் வெண்கல விளக்குகளையும் சேர்த்தால் சுமார் 3,000. அதன் பின்னால் இருக்கும் காட்டில் 841இலிருந்து மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை.

பெரும்பாலோர் வந்த வழியே திரும்புவார்கள். நீங்கள் தெற்கே ‘சசயாகி நோ கொமிச்சி’ என்னும் முணுமுணுப்புப் பாதையில் இறங்குங்கள். வளைந்து நெளிந்த மரங்களுக்குக் கீழே பத்து நிமிட நடை. தகபதகே என்னும் குடியிருப்பில் கொண்டுபோய் விடும். அங்கேதான் ஷின்-யாகுஷிஜி. 747இல் அரசி கோம்யோ, கணவரின் நோய் தீர வேண்டி எழுப்பியது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமான தாழ்ந்த கூரை. உள்ளே அரையிருட்டில், மருத்துவ புத்தரைச் சுற்றி வட்டமாகப் பன்னிரண்டு யட்சத் தளபதிகள். பதினொன்று 8ஆம் நூற்றாண்டின் களிமண் சிலைகள், ஒன்று 1931இல் ஈடுசெய்தது. வாயைப் பிளந்து கத்துகிறவர், புருவத்தை நெரித்து அடக்கிக்கொண்டிருப்பவர், எல்லோரும் ஆள் உயரம். அவர்களில் ஒருவர் பெயர் ‘இந்தரா’, இந்திரன்தான். நான் போன மழைநாளில் உள்ளே என்னைத் தவிர ஒருவரும் இல்லை. வட்டத்தை மூன்று முறை சுற்றினேன். கூட ஆள் இருந்திருந்தால் ஒரு சுற்றிலேயே கிளம்பியிருப்பேன். தனியாகப் பயணம் போவதற்கு எனக்கு வேறு காரணம் தேவைப்பட்டதில்லை.

அங்கிருந்து மேற்கே நாராமாச்சி. காங்கோஜி என்னும் பெரிய கோயிலின் வளாகத்திலேயே முளைத்த வணிகர் தெருக்கள் இவை. அந்தக் கோயிலின் கூரையில் 6ஆம் நூற்றாண்டின் இறுதியில், கோயில் முதலில் இருந்த அசுகாவில் சுட்ட ஓடுகள் சில இன்னும் கிடக்கின்றன; நிறத்தை வைத்தே அடையாளம் காணலாம். தெருவில் மரச்சட்டக் கிராதி போட்ட குறுகிய முகப்பு வீடுகள். உள்ளே போனால் நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும், நடுவில் முற்றம். ‘கோஷி நோ இயே’ என்ற வீட்டைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். வீட்டுக் கூரையோரங்களில் சிவப்புத் துணியில் செய்த சின்னக் குரங்குப் பொம்மைகள் தொங்கும். வீட்டுக்கு வரும் கெடுதலைத் தாங்கள் வாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. திருஷ்டிப் பூசணி கட்டும் ஊரிலிருந்து போகிறவருக்கு விளக்கம் தேவைப்படாது. சன்னென்ஸாகாவின் அழகு இங்கே இல்லை. மக்கள் குடியிருக்கும் தெரு, சைக்கிளும் காயும் துணியும் கண்ணில் படும். பழைய தெரு என்றால் எனக்கு இதுதான் வேண்டும்.

சாப்பாட்டில் மூன்று ஊர்களும் ஒன்றுதான். ஒற்றை ஆள் போனால் சமையல்மேடை முன்னால் இடம் கிடைக்கும், யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. சைவர்கள் கவனிக்க வேண்டியது தாஷி என்னும் மீன்சாறு. காய்கறிக் குழம்பிலும் அது இருக்கும். புத்த மடச் சைவச் சமையலுக்கு ஷோஜின் ரியோரி என்று பெயர், அதைக் கேட்டுத் தேடுங்கள். நாராவின் சொந்தக் காலை உணவு சாகாயு, வறுத்த தேயிலை நீரில் வேகவைத்த கஞ்சி. சூடான கஞ்சியும் ஊறுகாயும் போதும் என்கிறவருக்கு அதுவே விருந்து. கழற்ற எளிதான காலணி, கொஞ்சம் சில்லறை நாணயம் இரண்டும் எந்த ஊரிலும் வேண்டும். ஒரு வாரத்துக்கான ஜப்பான் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்தது. இந்த ஒரு நாளுக்காக அதை வாங்காதீர்கள்.

கியோட்டோவிலேயே அறை, ஐந்து மணிக்கு எழ முடியும் என்றால் ஹிகாஷியாமாவைத் தேர்ந்தெடுங்கள். டோக்கியோவை விட்டு நகர முடியாதவர் காமகுராவுக்குப் போகலாம். இந்தக் கட்டாயங்கள் எதுவும் இல்லையென்றால், சாவகாசமாக எழுந்து வரும் ஆளானாலும், நாரா உங்களைக் கைவிடாது. காரணம் அதன் மாலை. நாலு மணிக்கு மேல் பகல் பயணிகள் கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் திரும்பத் தொடங்குகிறார்கள், ஊர் காலியாகிறது. அப்போது நாராமாச்சியிலிருந்து அரை மணி நேரம் திரும்ப நடந்து, தோதாய்ஜிக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் நிகட்சுதோவுக்கு ஏறுங்கள். புத்தர் கோயில்தான், ஆனால் டிக்கெட்டும் இல்லை, பூட்டும் இல்லை. மார்ச் 1 முதல் 14 வரை போகிறவருக்கு, 752இலிருந்து ஓராண்டும் விடாமல் நடக்கும் தீப்பந்த விழாவும் கிடைக்கும்; அப்போது மட்டும் கூட்டத்துக்குத் தயாராக வேண்டும். மற்ற நாட்களில் மரத்தாழ்வாரத்தில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். கீழே பெரிய மண்டபத்தின் கூரை, அதற்கப்பால் சமவெளி, எதிர்க்குன்றுகளுக்குப் பின்னால் இறங்கும் சூரியன். சற்று நேரத்தில் தாழ்வாரத்து விளக்குகளை ஏற்றுவார்கள். படிக்கட்டில் ஒரு மான் படுத்திருக்கும், அதைச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும்.